சாவி மாணவன் கையில் இல்லை. அப்டேட் நடப்பது எப்படி?

பள்ளிக்கூடத்தில் ஒரே கம்ப்யூட்டரை ஒரு நாளைக்குப் பத்துப் பிள்ளைகள் தொடுகிறார்கள். ஒருவன் கெடுத்தால் ஒன்பது பேருக்குப் பாடம் போயிற்று. அதனால் மாணவனுக்கு எழுத, படிக்க, படம் போட மட்டுமே அனுமதி. புரோகிராமை மாற்ற "அட்மினிஸ்ட்ரேட்டர்" அதிகாரம் வேண்டும். பேங்கில் கவுண்ட்டர் குமாஸ்தாவிடம் பெட்டகச் சாவி இருக்காது அல்லவா? அது மாதிரிதான்.

ஆனால் புரோகிராம்களில் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும். அதை அடைக்க அப்டேட் வந்துகொண்டே இருக்கும். சாவிக்காரர் மாதம் ஒரு முறை எட்டிப் பார்த்தால் அதிர்ஷ்டம்!

மருந்து இருந்தும் நோய்

2017 மே 12-ந் தேதி "வான்னாக்ரை" என்ற வைரஸ் கிளம்பியது. 150 நாடுகளுக்கு மேல் பரவியது. பைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ந் தேதியே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

யார் செய்வது?

விண்டோசில் அப்டேட் போடுவது மாணவன் அல்ல. உள்ளே இருக்கும் "சிஸ்டம்" என்ற கணக்கு. அதற்கு யாருடைய பாஸ்வேர்டும் தேவை இல்லை. உபுண்டுவும் பாதுகாப்பு அப்டேட்டுகளை யாரையும் கேட்காமல் போட்டுக்கொள்ளும். கேரள அரசுப் பள்ளிகளில் ஓடும் "கைட்" லினக்ஸ், உபுண்டுவில் இருந்து வந்ததுதான்.

மற்ற புரோகிராம்களுக்கு, சாவி உள்ளவர் ஒரே ஒரு முறை வந்து "டாஸ்க் ஷெட்யூலர்" என்ற இடத்தில் வேலையையும் நேரத்தையும் எழுதி வைத்தால் போதும். பிறகு மாணவன் கணக்கு திறந்திருந்தாலும் வேலை தன்னால் நடக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த வேலைக்கான பைலை மாணவர்கள் திருத்த முடியாத இடத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பையன் ஒருவன் அதில் இரண்டு வரி சேர்த்துச் சாவிக்கே சொந்தக்காரன் ஆகிவிடுவான். வீட்டுக்கு ஒரு கெட்டிக்காரன் உண்டு!

மெயின் சுவிட்ச்

இரவு 2 மணிக்கு அப்டேட் என்று வைப்பார்கள். மாலை 5 மணிக்கே வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். அவர் மேல் தப்பு இல்லை. கரண்ட் பில் யார் கட்டுவது? நேரம் தவறினால் அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போட்டதும் வேலையை ஆரம்பிக்கச் சொல்லும் வசதி அதே ஷெட்யூலரில் உண்டு. அதற்கு ஒரு டிக் போதும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

கர்நாடகத்தில் ஏப்ரல், மே விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒன்றாக இன்டர்நெட்டை இழுக்கும். ஒன்று இறக்கியதை மற்றவை பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு விண்டோசில் இருக்கிறது. அதைப் போட்டு வைக்கலாம். திறப்பதற்கு முதல் நாளே ஒரு முறை ஓட விட்டால் இன்னும் நல்லது.

பிள்ளையின் பள்ளியில் விண்டோஸ் 10 ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராவிட்டால், எந்த நேரம் குறித்து வைத்தாலும் விண்டோசுக்கு ஒன்றும் வராது.