கடையில் வாங்குவதா, பார்சலில் வரவழைப்பதா?
தங்கவயல் அடுப்படியில் ஈஸ்ட் பிரச்சினை

டிசம்பர் பிறந்துவிட்டால் தங்கவயலில் குளிர் கடுமையாகிவிடும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அல்லவா? இரவு அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்காமல் அப்படியே இருக்கும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தால்தான் காரியம் நடக்கும்.

கிறிஸ்துமஸ் நெருங்கும் அதே மாதத்தில்தான் இன்னொரு பொருளுக்கும் கிராக்கி ஏறுகிறது. அதுதான் ஈஸ்ட். ரொட்டிக்கும் பன்னுக்கும் அது வேண்டும். அவசரத்துக்கு ஆப்ப மாவிலும் சேர்க்கிறார்கள். திராட்சையைப் புளிக்க வைத்து ஒயின் ஆக்குவதும் அதுவே.

முன்பு ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் கிடைத்ததை வாங்கினார்கள். வேறு வழி இல்லை. இன்று கைபேசியைத் திறந்தால் ரொட்டிக்கு ஒன்று, ஒயினுக்கு ஒன்று, பீருக்கு ஒன்று என்று வகைவகையாகக் காட்டுகிறது. தூளாகக் கிடைப்பது போதாதென்று திரவ ஈஸ்ட் வேறு. கடையில் வாங்குவதா, ஆன்லைனில் வரவழைப்பதா என்ற கேள்வி எழுவது இயல்பே. விலையை மட்டும் பார்த்து இதற்கு முடிவு சொல்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

உயிருள்ள சரக்கு

உப்பு, சர்க்கரை போன்றதல்ல ஈஸ்ட். அது கண்ணுக்குத் தெரியாத உயிர். பால் தயிராவதற்கு உறைமோர் எப்படியோ, மாவு பொங்குவதற்கு ஈஸ்ட் அப்படி. பக்கத்து வீட்டில் கரண்டி உறைமோர் கடன் வாங்கும் இல்லத்தரசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உறைமோர் கெட்டிருந்தால் ஒரு படி பாலும் வீண். ஈஸ்ட் செத்திருந்தால் பிசைந்த மாவு முழுவதும் வீண்.

புளிப்பது உயிர்களின் வேலையே என்பதை பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர் 1857 முதல் செய்த ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார். கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் 1883-ல் ஒரே ஓர் ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்துக் கலப்பில்லாமல் வளர்த்துக் காட்டினார். இன்று வகை பிரித்து, பெயரிட்டு விற்கப்படும் ஈஸ்ட்டுகளுக்கெல்லாம் அதுவே தொடக்கம்.

மூன்று வடிவம்

முதலாவது, உலர் ஈஸ்ட். நீர் வற்றச் செய்த தூள். அதில் உயிர் உறங்கிக்கொண்டிருக்கிறது. உறை பிரிக்காமல் குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஏறத்தாழ இரண்டு வருடம் தாங்கும்.

இரண்டாவது, பேக்கரிக்காரர்கள் வாங்கும் ஈர ஈஸ்ட். சந்தன நிறத்தில் கட்டியாக இருக்கும். அதில் எழுபது சதவீதம் போலத் தண்ணீர். குளிர்பெட்டியில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நம்ப முடியாது.

மூன்றாவதுதான் திரவ ஈஸ்ட். வீட்டில் பீர் வடிப்பது சட்டப்படி செல்லும் நாடுகளில் வளர்ந்த சரக்கு இது. பிரிட்டனில் 1963-ல் வீட்டு வடிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றார்கள். அமெரிக்காவில் 1978-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. அங்கே இதற்கென்றே கடைகள் உண்டு. குளிர்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். தூளில் கிடைக்காத பல ருசி வகைகள் இதில் கிடைக்கும் என்பதே இதன் பெருமை.

ஆனால் இதில் உயிர் உறங்கவில்லை, விழித்திருக்கிறது. சுமார் 4 டிகிரி குளிரில் வைத்தாலும் சில மாதங்களே ஆயுள். மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு செல்கள் செத்துப்போகும் என்பது வடிப்பவர்கள் போடும் உத்தேசக் கணக்கு. நன்றாக இருக்கட்டும் என்று பனிக்கட்டி அறையில் வைத்தாலும் உறைந்து சாகும்.

பார்சல் படும் பாடு

ஆன்லைனில் பணம் கட்டியதும் பொட்டலம் புறப்படுகிறது. கிடங்கில் ஓர் இரவு, தகரக் கூரை வண்டியில் ஒரு பகல், பெங்களூரில் ஒரு நாள், கோலாரிலோ பங்காருப்பேட்டையிலோ இன்னொரு நாள் ஆகலாம். ஏப்ரல் வெயிலில் மூடிய வண்டிக்குள் இருக்கும் சூட்டைச் சொல்ல வேண்டாம்.

சூடு உயிரை என்ன செய்யும் என்பது தங்கவயலுக்குத் தெரியாத பாடமா? சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. அங்கே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பித்தான் அங்கே மனிதன் வேலை செய்ய முடிந்தது. ஈஸ்ட்டும் 40 டிகிரிக்கு மேல் தளரும். 60 டிகிரியை நெருங்கும்போது செத்துவிடும். அதற்குக் குளிர்காற்று அனுப்புவார் யார்?

உலர் ஈஸ்ட் இந்தப் பயணத்தைப் பெரும்பாலும் தாங்கிவிடும். திரவ ஈஸ்ட் தாங்குவது அதிர்ஷ்டம். பனிக்கட்டிப் பை வைத்து அனுப்புகிறோம் என்பார்கள். இரண்டாம் நாள் அந்தப் பையில் இருப்பது வெறும் தண்ணீர்.

கடையும் குற்றமற்றதல்ல

உள்ளூர்க் கடையில் வாங்கினால் எல்லாம் சரி என்றும் சொல்வதற்கில்லை. பெரிய பொட்டலத்தைப் பிரித்து, சிறு பிளாஸ்டிக் பையில் தேதியில்லாமல் கட்டித் தொங்கவிடும் கடைகளும் உண்டு. காற்றும் ஈரமும் பட்ட தூளில் உயிர் வேகமாகக் குறைந்துவிடும்.

ஆனால் கடையில் ஒரு வசதி இருக்கிறது. "அண்ணே, இது எப்போ வந்த சரக்கு? உறை பிரிக்காததா ஒண்ணு குடுங்க" என்று கேட்கலாம். தேதியைக் கண்ணால் பார்க்கலாம். பொங்கவில்லை என்றால் மறுநாளே போய்ச் சொல்லலாம். நாளைக்கும் அதே வாடிக்கையாளரின் முகத்தில் விழிக்க வேண்டிய கடைக்காரர் மாற்றிக் கொடுக்கவே பார்ப்பார்.

எங்கே வாங்கினாலும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஒரு ஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டு மூடி வைக்க வேண்டும். விரல் விட்டால் சுடக்கூடாது. பத்து நிமிடத்தில் நுரை எழும்பினால் உயிர் இருக்கிறது. எழும்பாவிட்டால் குப்பையில் கொட்டலாம். நஷ்டம் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு போகும். மைதாவும் வெண்ணெயும் முட்டையும் சேர்த்த பிறகு தெரிந்தால்தான் வயிறு எரியும். வீட்டிலிருந்தபடியே பன்னும் கேக்கும் செய்து விற்றுக் குடும்பம் நடத்துபவர்களுக்கு அது ஒரு நாள் கூலி.

ரயில் பிளாஸ்க்

ஈர ஈஸ்ட் போன்ற குளிர் சரக்குத்தான் வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலுக்குச் சோறு போடுவது மாரிக்குப்பம் ரயில்தான். ஆயிரக்கணக்கானவர்கள் அதில் பெங்களூர் போய் வேலை பார்த்துத் திரும்புகிறார்கள். பேக்கரிச் சாமான் விற்கும் பெரிய கடையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஈஸ்ட்டை, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, நாலு பனிக்கட்டித் துண்டோடு வாயகன்ற சோற்று பிளாஸ்க்கில் போட்டு மாலை வண்டி ஏறினால், ராத்திரி சாப்பாட்டுக்குள் வீட்டுக் குளிர்பெட்டிக்குப் போய்விடும். இதைவிடச் சுருக்கமான குளிர்ப் பயணம் எந்தப் பார்சலுக்கும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஈஸ்ட் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமல்ல. ஆனால் 1965-ம் வருடத்துக் கர்நாடகக் கலால் சட்டம் உரிமம் இல்லாமல் மது தயாரிக்க இடம் கொடுக்கவில்லை. வீட்டு உபயோகத்துக்குத்தானே என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. கேரளத்தில் 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டு ஒயினும் சட்ட விரோதமே என்று கலால் துறை எச்சரித்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஆன்லைனில் ஒரு பொருள் விற்கிறது என்பதாலேயே, அதைக் கொண்டு செய்வதெல்லாம் சட்டப்படி செல்லும் என்று ஆகிவிடாது.

சாராயம் காய்ச்சும் எண்ணமோ அறவே கூடாது. 2008 மே மாதம் பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரி பகுதிகளில் விஷச் சாராயம் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றதை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பணம் திரும்புமா?

ஆன்லைனில் வந்தது காலாவதியாகியிருந்தால் சும்மா இருந்துவிட வேண்டியதில்லை. உணவுப் பொருள் கையில் கிடைக்கும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு முன் 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் ஆன்லைன் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. 2020-ம் வருடத்து விதிகளின்படி, புகார் கிடைத்ததை அந்த நிறுவனங்கள் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆனால் தேதி சரியாக இருந்து, வழியில் வெந்து செத்த ஈஸ்ட்டுக்கு நியாயம் கேட்பது சிரமம். எந்த வண்டியில், எந்த நாளில் செத்தது என்று யார் நிரூபிப்பது?

ஆகவே முடிவு இதுதான். தூள் ஈஸ்ட்டை உறை பிரிக்காததாக, தேதி பார்த்து, உள்ளூரிலேயே வாங்கலாம். அங்கே கிடைக்காத வகை என்றால் அதை மட்டும், வெயில் இல்லாத மாதத்தில், தூளாகவே வரவழைக்கலாம். குளிரில் இருக்க வேண்டிய ஈரச் சரக்கையும் திரவச் சரக்கையும், குளிர் விடாமல் கொண்டு வர வழியிருந்தால் ஒழிய, தொடாமல் இருப்பதே மேல். பண்டிகைக்கு முதல் நாள் இரவு மாவு பொங்காவிட்டால், கைபேசியிடம் முறையிட்டுப் பயனில்லை. தெருமுனைக் கடைக் கதவைத் தட்டினால் ஒருவேளை திறக்கும்.