ஈரத் தரையில் கால் ஏன் வழுக்குகிறது?

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வடிந்தபோது வீட்டுக்கு வீடு சேறு படிந்து கிடந்தது. கழுவ இறங்கிய பலர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருப்பார்கள். அதற்கு முந்திய வாரம் வரை பயமின்றி நடமாடிய அதே டைல்ஸ் தரைதான். காலுக்கும் தரைக்கும் நடுவே வந்து சேர்ந்த பொருள்தான் வேறு.

வழவழப்பான தரைகூட காய்ந்திருக்கும்போது பெரும்பாலும் வழுக்குவதில்லை. கடையில் டைல்ஸைக் கையால் தடவிப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பாதம் பதியும்போது அடியில் இருக்கும் நீர் விலகியாக வேண்டும். வழவழப்பான தரையில் அதற்கு வழியில்லை. அடைமழையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் டயர் நீரின் மேல் சறுக்குகிறதே, அதே கதைதான். சொரசொரப்பான தரையிலோ, கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகள் நீர்ப்படலத்தைத் துளைத்துப் பாதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நீர் பள்ளங்களில் ஒதுங்கிவிடுகிறது.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் எவ்வளவு உயர வேறுபாடு வேண்டும்? பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பு தரும் வழிகாட்டலின்படி, சுத்தமான நீருக்கு 20 மைக்ரோன் போதும். சவர்க்கார நீருக்கு 45 வேண்டும். ஆலிவ் எண்ணெய் போன்றவற்றுக்கு 70, அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். குளியலறைக்குப் பொருந்திய தரை, எண்ணெய் சிந்தும் சமையலறையில் காலை வாரிவிடுவது இதனால்தான்.

டைல்ஸ் பெட்டியில் 'ஆர் 9' என்று போட்டிருந்தால், பத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்று சிலர் மகிழ்ந்துபோகிறார்கள். உண்மையில் அந்த ஜெர்மன் அளவுகோல் தொடங்குவதே 9-இல்தான், 13-தான் உச்சம். எண்ணெய் தடவிய சாய்தளத்தில் காலணி அணிந்தவரை நடக்கவிட்டு, எத்தனை பாகைச் சாய்வுவரை வழுக்காமல் நிற்கிறார் என்று பார்த்துத் தருகிற எண் அது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனித் தரவரிசை உண்டு. அதில் சி-தான் சிறந்தது. குளியலறைக்கு டைல்ஸ் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது இதைத்தான். வீட்டில் வயதான அம்மாவோ தாத்தாவோ இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தால் தேறிவர மாதக்கணக்கில் ஆகலாம்.

நல்ல சொரசொரப்பான தரையும் பராமரிப்பு இல்லாவிட்டால் கைவிட்டுவிடும். வெள்ளச் சேற்றின் நுண்ணிய களிமண்ணும், சரியாக அலசாத சவர்க்காரமும் பள்ளங்களை நிரப்பிவிடுகின்றன. மேடுகள் இருந்தும் பயனில்லை. துணித் துடைப்பம் சேற்றை இழுத்துப் பரப்பத்தான் செய்யும். முரட்டு பிரஷால் தேய்த்து, நிறைய நீர் விட்டு அலசி, காயவிட்ட பிறகே பிள்ளைகளையும் பெரியவர்களையும் உள்ளே விட வேண்டும்.