வெறும் பீப்பாயும் மீன் புகையடுப்பும்

நெய்தல் நிலத்தார் மீனைக் கெடாது பேணுதற்குக் கண்ட நெறிகள் மூன்று. உப்பிடுதல் ஒன்று, வெயிலில் உணக்குதல் ஒன்று, புகையூட்டுதல் மற்றொன்று. முதலிரண்டும் நம் கரையிற் பெருவழக்காய் உள்ளவை. உணங்கும் மீனைப் புட்கள் கவராது மகளிர் காத்திருக்கும் காட்சி சங்கச் செய்யுட்களிலும் காணப்படுவதே. மூன்றாம் நெறியோ நம்மிடத்து அருகியே வழங்குகின்றது. எனினும், சம்பலுக்கு நாம் இடித்துச் சேர்க்கும் மாசி, சூரை மீனை அவித்துப் புகையூட்டிப் பின் வெயிலில் உலர்த்திப் பெற்றதேயாதலின், புகையின் பயனை நாம் அறியாதவரல்லேம்.

திருகோணமலையில் ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக் காற்றோடு மழை பெய்யும். வெயில் முகங்காட்டாத நாள்களிற் கருவாடு போடுதல் அரிது. அந்நாள்களில் வலையிற்பட்ட சாளையும் கும்பிளாவும் விலைபோகாது எஞ்சுமாயின், முற்றத்தில் ஒரு புகையடுப்பு இருத்தல் பெருந்துணையாம். அதனைச் செங்கல்லாற் கட்டலாம்; மண்ணாலும் அமைக்கலாம். ஆயினும், குறைந்த செலவில் விரைந்து அமைவது பழைய இரும்புப் பீப்பாயே. பேச்சு வழக்கில் இதனைப் 'பரல்' என்போம்.

இப்பீப்பாயின் வரலாறு ஒரு நூற்றாண்டிற்குச் சிறிது மேற்பட்டது. நெல்லி பிளை என்ற புனைபெயரால் உலகறிந்த பெண் செய்தியாளர் நடத்திய தொழிற்சாலையொன்று நியூயோர்க் மாநகரின் புறூக்கிளின் பகுதியில் இருந்தது. அதிற் பணிபுரிந்த என்றி வேர்ஆன் என்பார் 1905ஆம் ஆண்டில் இத்தகைய உருக்குப் பீப்பாய்க்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் பீப்பாய் இருநூறு இலீற்றருக்குச் சிறிது கூடுதலாகக் கொள்ளும். பழைய கணக்கில் ஏறத்தாழ 44 கலன். உயரம் 88 சதமமீற்றரளவு. விட்டம் 58 சதமமீற்றரளவு. உருட்டுதற்கு வாய்ப்பாக உடலில் இரண்டு வரம்புகள் புடைத்து நிற்கும்.

நம்மூரில் இதற்குப் பஞ்சமில்லை. சீனன்குடாவிலே பிரித்தானியர் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகள் ஏறக்குறைய நூறு. துறைமுகமும் 1957 வரை அவர்தம் கடற்படைத் தளமாய் இருந்தது. கப்பலும் எண்ணெயும் உள்ளவிடத்துப் பீப்பாயும் உளதாதல் இயல்பே. 2009இல் முடிவுற்ற போர்க்காலத்தில் மண் நிரப்பப்பெற்று வீதித் தடைகளாய் நின்ற பீப்பாய்களை நம்மிற் பலர் கண்டுள்ளோம். இன்றும் பழைய இரும்புக் கடைகளில் அவை அடுக்கடுக்காய்க் கிடக்கும். அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, கொண்டதனை எவ்வாறு தூய்மை செய்வது என்பனவே ஈண்டு நாம் ஆராயப் புகுவன.

முதற்கண் உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. வெறும் பீப்பாய் என்பது வெறுமையானதன்று. உள்ளிருந்த நீர்மம் நீங்கினும் அதன் ஆவி நீங்குவதில்லை. சுவரிற் படிந்த எச்சமும் நீங்குவதில்லை. முன்னது உயிருக்கு உடனே இடர் செய்வது. பின்னது உடலுக்கு மெல்ல ஊறு செய்வது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது சீனன்குடாத் தாங்கியொன்று தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தமை இவ்வூர் அறிந்த செய்தி. எண்ணெய் நிறைந்த கலம் எரியும். ஆவி நிறைந்த வெறுங் கலமோ வெடிக்கும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை பெற்றோல் ஆவி கலந்திருப்பின் ஒரு பொறியே அதனை வெடிக்கச் செய்யும். இருநூறு இலீற்றர்ப் பீப்பாயொன்றினுள் அந்நிலை தோன்றுதற்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி பெற்றோல் எஞ்சியிருத்தல் போதும்.

டீசலும் பொறியெண்ணெயும் எளிதில் ஆவியாகாவாகலின் அவை இருந்த பீப்பாய்க்கு அச்சமில்லை என்பார் உளர். அது பிழை. வாயுச் சுடரின் வெப்பம் பட்டவிடத்து அவ்வெண்ணெய்ப் படிவும் ஆவியாகும். ஆகிய ஆவி அச்சுடராலேயே பற்றும். ஆதலின், மூடிய பீப்பாய் எதனையும் வாயுச் சுடராலோ மின்னரைவைச் சில்லாலோ வீட்டில் வெட்ட முற்படலாகாது.

இனித் தெரிவு. தேங்காயெண்ணெய், பாமெண்ணெய், பழக்கூழ், தேன் ஆகிய உணவுப் பொருள்கள் வந்த பீப்பாயே தலையாயது. அடுத்தது, புதிய பொறியெண்ணெய் இருந்து முற்றாக வடிக்கப்பட்டது. இதனை நன்கு கழுவி, நெடுநேரம் எரித்த பின்னரே கொள்ளலாம். பூச்சிமருந்து, களைகொல்லி, அமிலம், வண்ணக் கரைப்பான், தார், கழிவெண்ணெய் இருந்தவற்றைத் தீண்டாது விடுக. எத்துணை முறை கழுவினும் அவை உணவுக்கு ஆகா. இருந்த பொருள் யாதெனக் கடைக்காரரும் அறியாராயின் அதனையும் விலக்குக. வெளிப்புறச் சீட்டைப் படித்தல் நன்று. மண்டையோடு, தீச்சுடர், அரிக்கப்படும் கை ஆகிய குறிகள் எச்சரிக்கைகள். நான்கிலக்க எண்ணும் பொருள் கூறும்: 1203 பெற்றோல், 1202 டீசல், 1223 மண்ணெண்ணெய். சீட்டைச் சுரண்டி மேலே வண்ணம் பூசிய பீப்பாயை ஐயத்தோடு நோக்குக.

அமைப்பாலும் பீப்பாய் இருவகைப்படும். மேற்றட்டு உடலோடு பொருந்தி, இரு சிறு அடைப்புத் துளைகள் மாத்திரம் உடையது ஒருவகை. மேல்மூடி முழுவதும் கழன்று, வளையத்தாற் பூட்டப்படுவது மற்றொன்று. பின்னதற்கு மேற்றட்டை வெட்டும் வேலையில்லை. ஆகவே சிறிது விலை கூடினும் அதுவே கொள்ளத் தக்கது. உட்புறம் வெற்றிரும்பாய் இருத்தல் சிறப்பு. பழுப்பு அல்லது செந்நிறப் பூச்சு இருப்பின் அதனை எரித்தகற்ற வேண்டும். வெளியே துத்தநாகம் பூசிய பீப்பாய் ஆகாது. துத்தநாகம் 419 பாகை வெப்பத்தில் உருகும். மிகு வெப்பத்தில் எழும் அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

தூய்மை செய்யும் முறை வருமாறு. எஞ்சிய எண்ணெயை வடித்து, வெந்நீரும் சலவைச் சோடாவும் இட்டு, கைப்பிடியளவு சரளைக் கல்லும் சேர்த்து, அடைப்பை மூடிப் பலமுறை உருட்டுக. பின்னர் நன்னீரால் மும்முறை அலசுக. கழுவிய நீரைக் கிணற்றருகிலோ கடலிலோ ஊற்றலாகாது. நம் மணற்றரை எதனையும் விரைந்து உறிஞ்சிக் கிணற்றிற் சேர்க்கும். வடித்த எண்ணெயைப் புட்டியில் அடைத்து, கழிவெண்ணெய் ஏற்கும் வண்டி திருத்தகத்தில் ஒப்படைத்தல் முறை. கழுவிய நீரும் அதற்குரிய வழியிலே அகற்றப்படல் வேண்டும்.

மேற்றட்டை அகற்ற வேண்டுமாயின், அடைப்புகள் இரண்டையும் திறந்து, வெட்டும் வரைக்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்பி, உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டுக. நீர் நின்றவிடத்து ஆவி நில்லாது. வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்கி உள்ளே மடக்குதல் கைக்குக் காப்பு. அடிப்பகுதியில் ஓரங்குல அகலத் துளைகள் நான்கைந்து இட்டு, மூன்று கற்களின்மேல் நிறுத்தினாற் காற்றோட்டம் உண்டாகும்.

அடுத்தது எரித்தல். குடியிருப்புக்கு அப்பால், காற்று வீசும் பக்கத்தில் நின்று, காய்ந்த விறகும் சிரட்டையும் இட்டு உட்பூச்சு முழுதும் சாம்பராகும்வரை பெருந்தீ மூட்டுக. அப்புகையைச் சுவாசித்தலாகாது, சிறுவரை அணுகவிடலுமாகாது. ஆறியபின் கம்பித் தூரிகையால் வெள்ளிரும்பு தோன்றத் தேய்த்து, சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்துக. பூச்சு எஞ்சின் மறுமுறையும் எரிக்க. வெளிப்புறத்துப் பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருத்தல் கூடுமாதலின், அதனை நீர் தெளித்தே சுரண்டுக. உலர்ந்த தூள் பறத்தலாகாது. ஈற்றில் உட்புறம் தேங்காயெண்ணெய் மெல்லெனப் பூசி, மீனிடாது ஒருமுறை புகைத்து எடுத்தால் துருவும் தடைப்படும். வேற்று மணம் உளதாவென்பதும் தெரிந்துவிடும். மணம் இருப்பின் மீனிடற்க.

உள்ளமைப்பு எளிது. கீழ்வரம்பிற்குக் கீழே நெருப்பு. வாய்க்கு ஒரு சாண் கீழே மீன் தட்டு. இடையே ஓரத்தில் இடைவெளி விட்ட இரும்புத் தகடு. இத்தகடு இன்றியமையாதது. மேற்காபிரிக்கக் கரையோரத்திலும் மகளிர் நெடுங்காலம் பீப்பாய் அடுப்புகளில் மீன் புகைத்துள்ளனர். அங்கு மீன்கொழுப்பு நெருப்பிற் சொட்டி எரிவதாற் புற்றுநோய்க்கு ஏதுவாகும் பொருள்கள் புகையோடு கலந்து மீனிற் படிவது அறியப்பட்டது. அவற்றுள் ஒன்றாகிய பென்சோபைரீன், புகைத்த மீன் ஒரு கிலோவில் 2 மைக்ரோகிராமிற்கு மேற்படலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் வரையறுத்துள்ளது. ஆகவே கொழுப்பு நெருப்பில் வீழாமல் தகடு தடுக்க வேண்டும்; நெருப்பும் கொழுந்துவிடாது கனன்றிருக்க வேண்டும். தட்டிற்குத் துத்தநாகம் பூசிய கோழிக்கூட்டு வலை ஆகாது. துருப்பிடியா உருக்குக் கம்பியோ வெற்றிரும்புக் கம்பியோ கொள்க. எரிபொருளுக்குப் பொச்சுமட்டையும் சிரட்டையும் போதும். வண்ணம் பூசிய உடைந்த தோணிப் பலகையும், எண்ணெய் ஊட்டிய பழைய புகைவண்டிப் பாதைக் கட்டையும், ஒட்டுப் பலகையும் ஒருகாலும் எரிக்கற்க. வாயை மூடும் சாக்கும் உரமோ மருந்தோ சுமந்ததாய் இருத்தலாகாது.

இவையனைத்தையும் நோக்கின், வேலையிற் பெரும்பகுதி மீனிடுதற்கு முன்னரே முடிந்துவிடுதல் புலனாகும். பீப்பாயைக் குடிநீர் நிரப்பவோ நெல் சேர்க்கவோ கொள்வோர்க்கும் இஃது ஒக்கும். நம் பழைய மாணவருட் கடற்றொழில் புரிவோரும், துறைமுகத்திற் பணியாற்றுவோரும், இரும்புப் பட்டறை நடத்துவோரும் உளர். அவர்தம் முன் பீப்பாய் வெட்ட வருவோர்க்கு 'முன்பு இதனுள் என்ன இருந்தது?' என்னும் வினாவை அவர்கள் முதலில் எழுப்புவாராக. மாணவரும் அவ்வினாவைத் தம் வீட்டாரிடம் எடுத்துச் செல்வாராக. விடை கிடையாத பீப்பாய் எத்துணை மலிவாயினும் அதனைக் கடையிலேயே விட்டு வருதல் அறிவுடைமை.