ரவுட்டருக்கு வழி சொல்வது யார்?

வீட்டு ரவுட்டருக்குள் ஒரு சின்னப் பட்டியல் உண்டு. எந்த முகவரிக்கான தரவை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதைப் பார்த்துத்தான் ரவுட்டர் முடிவெடுக்கிறது. பெரும்பாலான வீடுகளில் இரண்டே வரிகள் போதும்: 192.168.1 என்று தொடங்கினால் வீட்டுக்குள். மற்றதெல்லாம் இணைய நிறுவனத்துக்கு. முதல் வரியை ரவுட்டர் தன் முகவரியைப் பார்த்துத் தானே எழுதிக்கொள்ளும். இரண்டாவது, இணைப்பு கிடைத்ததும் நிறுவனத்திடமிருந்து வந்துவிடும். நமக்கு வேலையே இல்லை.

மாடிக்கென்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, அதற்கு 192.168.2 என்று தனி வலையமைப்பு கொடுத்தால்தான் சிக்கல். மாடியில் இணையம் ஒழுங்காக வரும். ஆனால் கீழிருந்து மாடிப் பிரிண்டருக்கு எதையாவது அனுப்பினால் போய்ச் சேராது. கீழ் ரவுட்டருக்கு 192.168.2 என்றால் என்னவென்றே தெரியாது. ‘மற்றதெல்லாம்’ கணக்கில் சேர்த்து வெளியே தள்ளிவிடும். 192.168 முகவரிகள் பொது இணையத்தில் செல்லாதவை என்பதால் தரவு அங்கேயே வீணாகும்.

தீர்வு, கையால் எழுதும் ஒரே வரி. கீழ் ரவுட்டரின் ‘ஸ்டாட்டிக் ரூட்’ பக்கத்தில் 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2. கடைசியில் உள்ளது மாடி ரவுட்டரின் கீழ்ப்பக்க முகவரி. அது மாறாமல் இருக்க வேண்டும். மாறினால் பட்டியல் தானாகத் திருந்தாது. மாடி ரவுட்டரில் முகவரியை மாற்றி அனுப்பும் ‘நாட்’ வசதியை நிறுத்தி, ஃபயர்வாலிலும் அனுமதி தர வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பொதுவான வரியைவிடக் குறிப்பான வரிக்கே ரவுட்டர் மதிப்புத் தருவதால், இணையப் போக்குவரத்துக்கு இந்தப் புதிய வரியால் பாதிப்பில்லை.

சில ரவுட்டர்களில் ‘ரிப்’ என்றொரு தானியங்கி ஏற்பாடும் இருக்கும். 1988-இல் தரப்படுத்தப்பட்டது. பக்கத்து ரவுட்டர்கள் 30 விநாடிக்கு ஒருமுறை தங்கள் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும். இடையில் 15 தாவல்களுக்கு (ஒரு ரவுட்டரைக் கடப்பது ஒரு தாவல்) மேல் போனால் எட்டாத இடம் என்று கைவிட்டுவிடும். ரவுட்டர்கள் நிறைய இருந்த அலுவலகங்களுக்கு அது வரம். இரண்டே ரவுட்டர் உள்ள வீட்டில் வீண் பேச்சு. போதாக்குறைக்கு, அதன் முதல் பதிப்பில் சொல்வது யாரென்று சரிபார்க்கும் வழியே கிடையாது; பொய்யான வழியையும் நம்பிவிடும். அணைத்து வைப்பதே நல்லது.

மாடிக்கு வைஃபை எட்டினால் போதும் என்பவர்கள், இரண்டாவது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றிவிடுங்கள். வீடு முழுக்க ஒரே வலையமைப்பாகிவிடும். எந்த வரியும் எழுத வேண்டாம்.