பசவனகுடியில் ஒரு கடலைத் திருவிழா

சந்தாபுராவிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஹுஸ்கூர் மத்தூரம்மா தேருக்கு ஆண்டு தவறாமல் செல்பவர்கள் பலர் உண்டு. ஆனால் பெங்களூரு பசவனகுடியில் நடைபெறும் 'கடலெகாயி பரிஷெ'யைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. "அது அவங்க பண்டிகை சார், நமக்கென்ன?" என்று அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

பரிஷெ என்றால் கன்னடத்தில் ஜனங்கள் திரளும் சந்தை, திருவிழா. கடலெகாயி நம் நிலக்கடலையேதான். தென்னாற்காட்டுக்காரர்கள் இதை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்ற சொல் நாக்கில் தேய்ந்து அப்படி ஆயிற்று.

இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கும் பசவனகுடி, மாவள்ளி, குட்டஹள்ளி பகுதிகள் ஒரு காலத்தில் கடலைக் காடுகள். விளைந்த பயிரை இரவில் ஒரு காளை வந்து மேய்ந்துவிட்டுப் போனதாம். உழவர்கள் காத்திருந்து அதைத் தடியால் அடிக்க, அது அங்கேயே கல்லாய் உறைந்ததாம். மனம் வருந்திய உழவர்கள் முதல் விளைச்சலை அதற்கே படைப்பதாக வேண்டிக்கொண்டார்கள். பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடர் அங்கே கோயில் கட்டினார் என்பது மரபு. சுமார் 15 அடி உயரமும் 20 அடி நீளமும் கொண்ட நந்தி, ஒரே கல்லில் ஆனது.

நகரம் பிறந்த ஆண்டாகச் சொல்லப்படுவது 1537. நிலக்கடலையோ தென் அமெரிக்கப் பயிர். கொலம்பஸ் அந்தப் பக்கம் போனதே 1492-ல்தான். நாற்பத்தைந்தே ஆண்டுகளில் அது மாவள்ளிக் காடு வரை வந்துவிட்டதா என்று என் டிப்ளமோ மூளை இடறத்தான் செய்கிறது. போகட்டும். கதைக்குக் கால அட்டவணை கேட்கக் கூடாது.

நம்மவர்கள் இத்திருவிழாவைத் தவறவிடுவதற்குப் பஞ்சாங்கமும் ஒரு காரணம். பரிஷெ நடப்பது கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையில். ஆனால் கன்னட மாதம் சாந்திரமானம். தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே அவர்களுக்குக் கார்த்திகை பிறந்துவிடும். நமக்கோ சூரியக் கணக்கு. 2025-ல் பரிஷெ தொடங்கிய நவம்பர் 17-ஆம் தேதி, நம் கார்த்திகை அப்போதுதான் பிறந்திருந்தது. 2023-ல் அதே விழா டிசம்பர் 11-ல் வந்தது. நம் காலண்டரைப் பார்த்து நாள் குறித்தால் வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான்.

பருவத்தோடும் இது பொருந்துகிறது. ஜூன், ஜூலை மழையில் விதைத்த கடலை ஏறக்குறைய நான்கு மாதத்தில் முற்றும். பிடுங்கி உதறி மூட்டை கட்டினால் கார்த்திகை வந்துவிடும்.

பசவனகுடியில் இன்று ஒரு சென்ட் கடலைக் காடும் கிடையாது. அறுவடை இல்லாத இடத்தில் அறுவடைத் திருவிழா! கோலார், சிக்கபள்ளாபுரா, தும்கூர் பக்கமிருந்தும், ஆந்திராவிலிருந்தும், நம் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்தும் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. புல் டெம்பிள் சாலையோரம் உட்கார்ந்து கன்னடத்தில் கூவிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் விலை கேட்டேன். என் கன்னடத்தைக் கேட்டதுமே, "தமிழா சாமி? ஊத்தங்கரைப் பக்கம் நாங்க. வருசா வருசம் வர்றோம்" என்றார். அவர் கொண்டு வந்தது சொந்தக் காட்டுக் கடலை. அடுத்த கடைக்காரரோ மண்டியில் வாங்கி வந்தவர். விசாரித்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் அப்படித்தான். 'அவங்க பண்டிகை' என்று நாம் ஒதுங்கி நிற்கும் இடத்தில், நம் ஊர் உழவரும் ஓர் ஆண்டு வருமானத்தை எதிர்பார்த்துச் சாலையில் அமர்ந்திருக்கிறார். 1991 டிசம்பரைக் கண்ட மூத்தவர்கள் கூட்டம் என்றாலே தயங்குவதை நான் அறிவேன். அங்கே இரவு எட்டு மணிவரை சுற்றினேன். எந்த மொழியில் விலை கேட்டாலும் பதில் வந்தது.

கடலையைப் பலர் படியால் அளந்து தருகிறார்கள். கிலோவுக்குப் பழகியவர்கள் இதில் ஏமாற்று உண்டோ என்று சந்தேகிக்கிறார்கள். தண்டவாளத்தின் கீழ் ஜல்லி அளந்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: படிக்குள் கணிசமான பகுதி காற்றுதான், அது உண்மை. ஆனால் புதிதாகப் பிடுங்கிய கடலையில் ஈரம் மிகுதி. எடை போட்டு வாங்கினால் அந்தத் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம். படியில் அந்த நஷ்டம் இல்லை. ஆகவே பச்சைக் கடலையைப் படியிலும், காய்ந்ததை எடையிலும் வாங்குவது நலம். கோபுரமாக அளக்கச் சொல்லிக் கேட்கலாம், தவறில்லை.

ஓரிரு நாளில் முடிந்துகொண்டிருந்த விழாவை 2025-ல் ஐந்து நாளாக நீட்டினார்கள். வெளியூர்ப் பயணிகள் வருகிறார்கள், விளக்கு அலங்காரம், ராட்டினம், பொம்மைக் கடை எல்லாம் உண்டு. மூட்டையோடு வந்தவர் மீதத்தைச் சுமந்து திரும்பாமல் விற்றுப் போக அவகாசம் கிடைப்பதால், நாள் கூடியதை நான் வரவேற்கிறேன். ராட்டினம் வந்து கடலைக்காரரைச் சந்து முனைக்குத் தள்ளுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பயணி ராட்டினத்தை எந்த ஊரிலும் பார்ப்பான்.

போவது எப்படி? 2025 ஆகஸ்ட் 10-ல் திறக்கப்பட்ட மஞ்சள் தட மெட்ரோ நமக்கு அருகிலுள்ள பொம்மசந்திராவில் தொடங்குகிறது. கடைசி நிலையமான ஆர்.வி. ரோட்டில் இறங்கிப் பச்சைத் தடத்துக்கு மாறினால், நான்காவது நிலையம் நேஷனல் காலேஜ். அங்கிருந்து நடந்தோ ஆட்டோவிலோ கோயிலை அடையலாம். விழா நாட்களில் அந்தச் சாலையில் வாகனம் விடமாட்டார்கள். சொந்தக் காரை மறந்துவிடுங்கள். துணிப்பை எடுத்துச் செல்லுங்கள், பிளாஸ்டிக் கூடாது என்கிறார்கள்.

வாங்கி வந்த பச்சைக் கடலையைப் பையிலேயே கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததை வறுத்தாலும் தின்னலாகாது. அன்றைக்கே கொஞ்சம் உப்புப் போட்டு வேகவைத்துவிட்டு, மிச்சத்தை மொட்டை மாடியில் பரப்பி, காதருகே ஆட்டினால் கலகலவென்று ஓசை கேட்கும்வரை காயவைக்க வேண்டும். அப்படிக் காய்ந்தது பொங்கல்வரை தாங்கும். அப்போது பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்து தட்டில் கொண்டு வருவாரே, அதில் கிடக்கும் வறுத்த கடலையும் பரிஷெயில் வாங்கியதாக இருக்கலாம்.