ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனம்

வேலை நிமித்தம் ஊர் விட்டு ஊர் வந்து, அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் நம்மில் பலர். ஒவ்வொரு மாற்றலின்போதும் "இது இனி எதற்கு?" என்ற கேள்வியில் அகப்படும் சாமான்களில் பழைய கம்ப்யூட்டரும் ஒன்று. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்ட பிறகு, இந்தக் கேள்வி வலுத்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி கேட்கிறது. இன்டெல் பிராசஸராக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. 2015 வாக்கில் வாங்கிய கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி கிடையாது.

அதற்காக உடனே கபாடிவாலாவைக் கூப்பிட வேண்டாம். விண்டோஸை அடியோடு அழித்துவிடவும் வேண்டாம். டேலி கணக்கு, பழைய பிரின்டர் என்று விண்டோஸே வேண்டுமெனப் பிடிவாதம் பிடிக்கும் வேலைகள் சில வீடுகளில் இருக்கும். அதை ஒரு போர்ஷனில் விட்டுவிட்டு, மறு போர்ஷனில் லினக்ஸைக் குடிவைக்கலாம். காலணா செலவில்லை.

லினக்ஸில் பல வகை உண்டு. பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருத்தமானது. குறைந்தது 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் போதும். 4 ஜிபி ராம் இருந்தால் சௌகரியம்.

முதல் வேலை, படங்களையும் கடிதங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுப்பது. இதைத் தள்ளிப்போடவே கூடாது. தாத்தாவின் சதாபிஷேகப் படங்களை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. டிஸ்கைப் பிரிக்கும்போது கரண்ட் போனாலும் ஆபத்து, ஆகவே யு.பி.எஸ். அல்லது நல்ல பேட்டரி அவசியம்.

அடுத்து, விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியில், சி டிரைவைச் சுருக்கி 40 அல்லது 50 ஜிபி காலி இடம் ஏற்படுத்துங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாகத் தூங்காது. அரைக்கண் திறந்திருக்கும்போது அந்த டிரைவில் லினக்ஸ் கை வைப்பது நல்லதல்ல. 'பிட்லாக்கர்' பூட்டு போட்டிருந்தால், அதன் மீட்புச் சாவியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், எட்சர் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு மின்ட்டை எழுத வேண்டும். அதில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். கம்ப்யூட்டரை அந்தப் பென் டிரைவிலிருந்து கிளப்பினால், ஹார்டு டிஸ்கைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். வைஃபை, ஒலி, பிரின்டர் எல்லாம் சரிதானா என்று அரை மணி பார்த்துவிட்டு நிறுவுங்கள். அப்போது 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்னும் பொருள்படும் வாய்ப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். 'டிஸ்கை அழித்து நிறுவு' என்பதன் பக்கமே போகாதீர்கள். இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருக்கும். விபரீதம் நேர்வது இங்கேதான்.

இனி கம்ப்யூட்டரைப் போட்டதும் யார் வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். விண்டோஸ் பக்கத்துப் படங்களை லினக்ஸ் பார்க்கும். லினக்ஸ் பக்கத்தை விண்டோஸ் தானாகப் பார்க்காது. சில சமயம் விண்டோஸின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் பயப்படாதீர்கள். உள்ளே இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்துக்கு வைக்கும். விண்டோஸ் அதையே நம் நேரமாக எடுத்துக்கொள்ளும். உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்குச் சொல்ல ஒரு வரிக் கட்டளை போதும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் தேவை. பாங்க் வேலை, இ-மெயில், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் லினக்ஸ் பக்கமே இருக்கட்டும். புதிய பாதுகாப்பு வராத விண்டோஸை, இன்டர்நெட் இணைப்பில்லாமல் பழைய வேலைகளுக்கு மட்டும் திறந்தால் போதும்.

இன்னொன்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தரமாக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை, லினக்ஸின் கீபோர்டு பட்டியலில் இருக்கிறது. பள்ளியில் தமிழ் இல்லாத ஊர்களில் வளரும் நம் குழந்தைகள், ஊரில் இருக்கும் பாட்டிக்கு இரண்டு வரி தமிழில் தட்டப் பழக, அந்தப் பழைய கம்ப்யூட்டரே தாராளம்.