பேட்டரி கழற்றியாச்சு, டிக்கி லாக்… சாவி கையில் இருந்தும் திறக்காத காரை என்ன செய்வது?

டாக்ஸி வாசலில் நிற்கிறது. விமானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம். இரண்டு மாத ஆன்சைட் வேலைக்குக் கிளம்பும் ஓர் ஐடி ஊழியர், ‘வண்டி சும்மா நின்னா பேட்டரி இறங்கிடும்’ என்று நண்பர் சொன்னதை நினைத்து, கடைசி நேரத்தில் காரின் பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுகிறார். திறந்தே இருந்த டிக்கியில் ஸ்பேனரைப் போட்டுவிட்டு, பானெட், டிக்கி இரண்டையும் சாத்துகிறார். அடுத்த நொடி பகீர் என்கிறது. பாஸ்போர்ட் பை டிக்கிக்குள்! ரிமோட்டை அமுக்கினால் சத்தமே இல்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், நீண்ட நாள் நிறுத்தி வைத்த கார், பேட்டரி மாற்றும் நேரம், மழை வெள்ளத்தில் சிக்கிய வண்டி என எந்தச் சூழலிலும் இது யாருக்கும் நடக்கலாம். நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான கார்களில் கரண்ட் இல்லாமலேயே டிக்கியை அடைய ஒரு வழி இருக்கிறது. கெட்ட செய்தி, அது எங்கே இருக்கிறது என்று பலருக்கும் தெரியாது.

சாவி இருந்தும் ஏன் திறக்கவில்லை?

ரிமோட் பட்டனோ, டிக்கி மூடியில் உள்ள ஸ்விட்ச்சோ நேரடியாகப் பூட்டைத் திறப்பதில்லை. அவை காரின் கன்ட்ரோல் யூனிட்டுக்கு ஒரு சிக்னல் அனுப்புகின்றன. அந்த யூனிட், பூட்டில் இருக்கும் சின்ன மோட்டாரை 12 வோல்ட் மின்சாரத்தால் இயக்குகிறது. மூடுவதற்கு மட்டும் கரண்ட் தேவையில்லை. மூடியை அழுத்தினாலே கொக்கி தானாகப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனதும் டிக்கி தானாகத் திறந்துகொண்டால் ஓடும் காரில் ஆபத்து. அதனால்தான் பவர் இல்லாவிட்டாலும் பூட்டியே இருக்கும்படி வடிவமைக்கிறார்கள்.

முதல் வழி, சாவிக்குள்ளேயே

பட்டன் ஸ்டார்ட் கார்களின் ஸ்மார்ட் சாவியில், பக்கவாட்டில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் உள்ளேயிருந்து ஓர் உலோகச் சாவி வரும். டிரைவர் கதவின் கைப்பிடியில் அதற்கான துவாரம் இருக்கும். சில மாடல்களில் அது பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கதவு திறந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

பல பழைய செடான்களில் டிக்கி மூடியிலேயே சாவித் துவாரம் உண்டு. டிரைவர் சீட்டுக்குக் கீழே, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்கும் லீவருக்குப் பக்கத்தில் டிக்கி லீவர் இருக்கும் கார்களும் நிறைய. அந்த லீவர் கேபிளை இழுத்துத் திறக்கும் வகை என்றால், பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். லீவருக்குப் பதில் ஸ்விட்ச் இருந்தால், அதற்குக் கரண்ட் வேண்டும்.

பின்சீட் வழியாக நுழையலாமா?

ஹேட்ச்பேக், எஸ்யூவி என்றால் கதவு திறந்ததுமே கவலை தீர்ந்தது. பின்சீட்டை மடக்கினால் டிக்கி எதிரே இருக்கும். பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், கதவின் உள்பக்க பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் அதைக் கழற்றி, உள்ளே தெரியும் லீவரை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளினால் பூட்டு விடுபடும்.

செடானில் பின்சீட் மடங்குமா என்பது மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் சீட்டை விடுவிக்கும் பட்டையே டிக்கிக்குள் இருக்கும். அப்படியானால் இந்த வழி உதவாது. நடுவில் ஆர்ம் ரெஸ்ட்டை இறக்கினால் சில கார்களில் ஒரு குட்டிக் கதவு தென்படும். கை நுழைந்தால் பையை இழுத்துவிடலாம்.

கொஞ்சம் கரண்ட் போதும்

மேலே சொன்ன எதுவும் கைகொடுக்கவில்லையா? டிக்கி மோட்டாருக்குத் தேவை ஒரு நொடி மின்சாரம்தான். பானெட்டைத் திறக்கும் லீவர் பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டுக்குக் கீழே, கேபிளில் இயங்குவது. எனவே கதவைத் திறக்க முடிந்தால் பானெட்டையும் திறக்கலாம்.

பேட்டரியில் சார்ஜ் இருந்து வயர் மட்டும் கழன்றிருந்தால், ஸ்பேனர்கூட வேண்டாம். நெகட்டிவ் வயரின் கிளாம்ப்பை அதே முனையில் கையால் அழுத்தி உட்கார வைத்தாலே டிக்கி திறக்கும் அளவுக்குக் கரண்ட் போகும். சின்னத் தீப்பொறி வரலாம், அலாரம் அலறலாம். பதறாமல் ரிமோட்டில் அன்லாக் செய்தால் போதும். மோதிரம், உலோகக் காப்பு போன்றவற்றை முன்பே கழற்றிவிடுங்கள்.

பேட்டரியே இறங்கிப்போயிருந்தால் ஜம்பர் கேபிள். முதலில் சிவப்பு கேபிள், இரு பேட்டரிகளின் பாசிட்டிவ் முனைகளுக்கும். பிறகு கறுப்பு கேபிளின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவுக்கு, மறுமுனை உங்கள் கார் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதிக்கு.

ஒரு முக்கியமான விஷயம்: வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு எந்தக் காரணத்துக்காகவும் கரண்ட் கொடுக்கக் கூடாது. அங்கே சாவி, லீவர், பின்சீட் வழிகள் மட்டும்தான். பேட்டரி உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ கை வைக்காமல் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

பேட்டரியே டிக்கிக்குள் இருந்தால்?

‘டிக்கியைத் திறக்க கரண்ட் வேணும், கரண்ட் டிக்கிக்குள்ள இருக்கு’ என்ற சிக்கல் உண்மையிலேயே உண்டு. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் போன்ற கார்களில் பேட்டரி பின்பக்கம் இருக்கிறது. இதற்காகவே பானெட்டுக்குக் கீழே ஒரு பாசிட்டிவ் முனையையும் எர்த் முனையையும் தனியாக வைத்திருக்கிறார்கள். ஜம்பர் கேபிளை அங்கே மாட்டலாம்.

எலெக்ட்ரிக் கார்களிலும் பூட்டுகளை இயக்குவது பெரிய பேட்டரி அல்ல, தனியாக உள்ள லோ வோல்டேஜ் பேட்டரிதான். டெஸ்லா மாடல் 3 காரில் முன்பம்பரில் உள்ள இழுவைக் கொக்கி மூடிக்குப் பின்னால் இரண்டு வயர்கள் இருக்கும். வெளியிலிருந்து அவற்றுக்கு 12 வோல்ட் கொடுத்தால் முன்பக்க மூடி திறக்கும். எந்த எலெக்ட்ரிக் காராக இருந்தாலும் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது. அவை உயர் மின்னழுத்தம் கொண்டவை.

உள்ளே குழந்தை இருந்தால்?

பாஸ்போர்ட் காத்திருக்கும், குழந்தை காத்திருக்க முடியாது. 1995-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜேனட் ஃபென்னலையும் அவரது கணவரையும் கொள்ளையர்கள் அவர்களது கார் டிக்கியிலேயே அடைத்தனர். உள்ளே கேபிளைக் கண்டுபிடித்துத் தப்பிய அவர், டிக்கிக்குள் திறப்பான் வேண்டும் என்று பிரசாரம் செய்தார். 1998 கோடையில் அந்த நாட்டில் மூன்று சம்பவங்களில் 11 குழந்தைகள் டிக்கிக்குள் சிக்கி இறந்தனர். அதன் பிறகே, 2001 செப்டம்பர் முதல் தயாராகும் டிக்கி கொண்ட கார்களில் உள்ளிருந்து திறக்கும் வசதி அங்கே கட்டாயமானது. இருட்டில் ஒளிரும் அந்தக் கைப்பிடி வேறு நாடுகளில் விற்கும் சில மாடல்களிலும் இருக்கிறது. உங்கள் காரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். அதனால் ஒரு குழந்தை சிக்கியிருந்தால் ஒவ்வொரு வழியாக முயன்று பார்க்க நேரமில்லை. ஒருவர் உடனே 112-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் கதவைத் திறந்தோ, பக்கக் கண்ணாடியை உடைத்தோ பின்சீட்டை மடக்கப் பார்க்கட்டும்.

இன்றே செய்ய வேண்டியது

காரில் ரிமோட் ரிசீவர், அலாரம் போன்றவை எப்போதும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு மாதத்தில் காலி. எனவே நீண்ட பயணத்துக்கு முன் வயரைக் கழற்றுவது சரியான யோசனைதான். கழற்றும் முன் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்பேனரையும் ஜம்பர் கேபிளையும் வீட்டிலேயே வையுங்கள்.

இந்த வார இறுதியில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். உலோகச் சாவியை வெளியே எடுத்து, அதை வைத்தே கதவைத் திறந்து பாருங்கள். பின்சீட் மடங்குகிறதா, டிக்கி லீவர் கேபிளா ஸ்விட்ச்சா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

டாக்ஸியைக் காக்க வைத்த ஐடி ஊழியருக்கும் தேவைப்பட்டது அந்த ஐந்து நிமிடம்தான். உலோகச் சாவியால் கதவு, லீவரால் பானெட், கையால் கிளாம்ப்பை ஓர் அழுத்து. டிக்கி ‘டக்’கென்று திறந்திருக்கும்.